விறகடுப்புப் புகையும் வீட்டுக் காற்றின் தரமும்

விறகு, சுள்ளி, வரட்டி, பயிர்க்கழிவு ஆகியவற்றை எரித்துச் சமைக்கும்போது எழும் புகையால் வீட்டுக்குள் உள்ள காற்று கெடுவது வீட்டுக் காற்று மாசு எனப்படுகிறது. காற்று மாசு என்றதும் தொழிற்சாலைப் புகையும் வாகனப் புகையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் மனிதர் நெடுங்காலமாகச் சுவாசித்து வரும் மாசு, அடுப்பங்கரையில் எழும் இந்தப் புகையே ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகில் சுமார் 210 கோடி மக்கள் திறந்த அடுப்புகளிலும் புகை மிகுந்த எரிபொருள்களிலும் சமைக்கின்றனர். வீட்டுக் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இப்புகையைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் சில தமிழ்நாட்டில் நடந்துள்ளன. அவற்றுள் ஒன்று அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்தது.

காணைப் பகுதியில் எரிபொருள்

காணை, விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள ஊர். விழுப்புரம் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடமும் ஆகும். நெல், கரும்பு, நிலக்கடலை, உளுந்து ஆகியவை இப்பகுதியில் விளைகின்றன. வயலில் எது விளைகிறதோ அதன் கழிவே அடுப்புக்கும் வரும். கரும்புச் சோகை, கடலைத் தோல், துவரை மிளார், தென்னை மட்டை, பாளை, பன்னாடை ஆகியவை இவ்வாறு எரிபொருளாகின்றன. மாடு வைத்திருப்போர் வரட்டி தட்டுகின்றனர். ஏரிக்கரையிலும் தரிசு நிலத்திலும் வளர்ந்து கிடக்கும் வேலிக்காத்தான் என்னும் சீமைக் கருவேலம் காசில்லாமல் கிடைக்கும் விறகு. மரக்காணம் பக்கத்துக் கடலோர ஊர்களில் சவுக்கு மிளார் எளிதாகக் கிடைக்கிறது.

இவை அனைத்தும் ஒரே அளவு புகைவதில்லை. நன்கு காய்ந்த வேலிக்காத்தான் கட்டையும் சவுக்குக் கட்டையும் நின்று எரியும், புகை குறைவு. சோகையும் மட்டையும் குபீரென்று பற்றி விரைவில் அணையும். அடிக்கடி தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வரட்டி மெதுவாகக் கனன்று எரிவதால் புகை மிகுதி. எரிபொருளின் ஏணியில் வரட்டியும் பயிர்க்கழிவும் கீழ்ப்படியிலும், விறகு அதற்கு மேலும், மண்ணெண்ணெய் அதற்கடுத்தும், எரிவாயுவும் மின்சாரமும் மேல்படியிலும் உள்ளன என்று ஆய்வாளர்கள் கூறுவர். மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால் ஒரே வீடு ஒரு படி கீழே இறங்கிவிடுவதும் உண்டு.

அடுப்பும் அடுப்பங்கரையும்

மூன்று கற்களைக் கூட்டிப் பானையை ஏற்றுவது மிகப் பழைய முறை. களிமண்ணால் பிடித்து, மேலே மூன்று குமிழ்கள் வைத்துச் சாணத்தால் மெழுகிய மண் அடுப்பு அதன் அடுத்த நிலை. ஒரே வாயில் இடும் விறகின் வெப்பம் பக்கத்திலுள்ள இன்னொரு கண்ணுக்கும் செல்லும்படி அமைத்தது கொடியடுப்பு. சோறு ஒன்றில் கொதிக்க, குழம்பு மற்றொன்றில் காயும். மரத்தூளை இடித்து நிரப்பி நடுவில் துளையிட்டு எரிக்கும் மரத்தூள் அடுப்பு ஊர்ப்புறங்களில் பரவலாக இருந்தது. இவை எவற்றிலும் பொதுவாகப் புகைபோக்கி கிடையாது.

அடுப்பு இருக்கும் இடம் அடுப்பின் வகையைப் போலவே முக்கியமானது. கிராமத்து வீடுகளில் நான்கு வகை அமைப்புகளைக் காணலாம். முதலாவது, படுக்கும் அறையிலேயே ஒரு மூலையில் அடுப்பு. இரண்டாவது, வீட்டுக்குள் சுவர் தடுத்த தனிச் சமையலறை. மூன்றாவது, வீட்டை ஒட்டியோ தள்ளியோ போட்ட தனிக் கொட்டகை. நான்காவது, வாசலிலோ தோட்டத்திலோ திறந்தவெளி அடுப்பு. முதல் வகையில் புகை வீட்டிலுள்ள அனைவரையும் சேர்கிறது. நான்காவதில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. ஆயினும் அடுப்பின் முன் குனிந்து ஊதுகுழலால் ஊதுபவருக்குத் திறந்தவெளியிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. புகை கலைவதற்கு முன்பே அவர் முகத்தில் படுகிறது.

புகை எவ்வாறு உண்டாகிறது

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் மரம் சிதைந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளிவருகின்றன. நாம் காணும் தீச்சுவாலை இந்த வாயுக்கள் எரிவதே. வாயுக்கள் வெளியேறிய பின் எஞ்சும் கரி, கனலாக எரிகிறது. வெப்பமும் காற்றும் போதுமான அளவு இருந்தால் வாயுக்கள் முழுமையாக எரிந்து கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே மிஞ்சும். இதை முழு எரிதல் என்பர்.

வீட்டு அடுப்பில் இது நிகழ்வது அரிது. குளிர்ந்த பானையின் அடிப்பாகம் சுவாலையைத் தணிக்கிறது. அடுப்பு வாயில் விறகை அடைத்து வைத்தால் காற்று புகாது. விறகு ஈரமாக இருந்தால் வெப்பத்தின் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகிறது. 1 கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.26 மெகாஜூல் ஆற்றல் தேவை. எரியாமல் தப்பிய வாயுக்களும் நுண்ணிய கரித்துகள்களும் சேர்ந்தவையே புகை. ஆகவே புகை என்பது அடுப்பில் எரியாமல் போன எரிபொருள். அது நுரையீரலுக்குக் கேடு, விறகுக்கும் நட்டம்.

புகையில் உள்ளவை

விறகுப் புகையில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

நுண்துகள்கள்: 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள துகள்கள் பி.எம். 2.5 எனப்படும். மனிதத் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவே இவை இருக்கும். மூக்கிலுள்ள முடியும் சளியும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். இவற்றைத் தடுக்க இயலாது. இவை நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன.

கார்பன் மோனாக்சைடு: நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இணைகிறது. இதனால் உடலுக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைகிறது. குளிருக்காகக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவோர் உயிரிழப்பது இதனால்தான். கரி புகைவதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு.

பிற சேர்மங்கள்: கண்ணை எரிக்கும் பார்மால்டிஹைடு, புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன், பென்சோபைரீன் போன்றவை. வீட்டில் விறகு முதலிய உயிரிப் பொருள்களை எரிப்பதால் எழும் புகையைப் புற்றுநோய் ஏற்படுத்தும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது.

உடல்நலக் கேடுகள்

"அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு" என்பது ஒரு காலத்தில் பரவலாக வழங்கிய பேச்சு. அடுப்பூதுவது உடலை வருத்தும் வேலை என்பதை அந்தப் பேச்சு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. நாள்தோறும் மூன்று, நான்கு மணி நேரம் புகையின் முன் இருப்பவர் பெண்; அவர் இடுப்பிலும் காலடியிலும் இருப்பது குழந்தை. எனவே பாதிப்பின் பெரும்பங்கு இவ்விருவருக்கே.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்படும் நுரையீரல் அழற்சி, பெரியவர்களுக்கு வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை ஆகியவை வீட்டுப் புகையுடன் தொடர்புடையவை என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. பீடி, சிகரெட்டைத் தொடாத கிராமத்துப் பெண்களுக்கு நாட்பட்ட இருமலும் மூச்சிரைப்பும் வருவதற்கு அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம். பாதிப்பு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சேர்வதால் அதை "வயசானால் வரும் இளைப்பு" என்று பலர் விட்டுவிடுகின்றனர்.

தமிழ்நாட்டில் நடந்த அளவீடுகள்

அடுப்புப் புகையை அறிவியல் முறையில் அளக்கும் பணிக்கு இந்தியாவில் வித்திட்டவர்களுள் அமெரிக்க அறிவியலாளர் கிர்க் ஸ்மித் (1947–2020) குறிப்பிடத்தக்கவர். அவரும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் செய்த அளவீடு 1983இல் வெளிவந்தது. சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியைப் பொருத்தி அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்த தொடக்க ஆய்வுகளுள் அது ஒன்று.

தமிழ்நாட்டில் இப்பணியை முன்னெடுத்தது சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனம். அங்குப் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் நான்கு மாவட்டங்களின் 436 கிராமப்புற வீடுகளில் செய்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. விறகு முதலியவற்றை எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை சுவாசத்தில் கலக்கும் துகள்கள் இருந்தன. 24 மணி நேரச் சராசரியாகப் பார்த்தால், சமைப்பவர் சுவாசித்த அளவு 231 மைக்ரோகிராம். அதே வீடுகளில் சமையலில் ஈடுபடாதவர் சுவாசித்தது 90 மைக்ரோகிராம். எரிவாயு போன்ற தூய எரிபொருள் பயன்படுத்திய வீடுகளில் அது சுமார் 82 மைக்ரோகிராம். அங்குச் சமைப்பவருக்கும் மற்றவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த எண்கள் இரண்டு உண்மைகளைக் காட்டுகின்றன. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் அனைவரும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. அடுத்து, தூய எரிபொருள் வீட்டிலும் அளவு சுழியாகிவிடவில்லை. தெருப் புழுதி, குப்பை எரிப்பு, பக்கத்து வீட்டு அடுப்பு ஆகியவை அங்கும் வந்து சேர்கின்றன.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில வரம்புகள்: பி.எம். 2.5 நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரநிலையின்படி வெளிக்காற்றில் ஆண்டுச் சராசரி 40, நாள் சராசரி 60 மைக்ரோகிராம். இத்தரநிலை வெளிக்காற்றுக்கு உரியது.

பின்னர் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. நுண்துகள் அளவு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது என அது கண்டது.

விழுப்புரத்தை உள்ளடக்கிய பன்னாட்டு ஆய்வு

புகை மிகுந்த வீடுகளில் நோய் மிகுதி என்பது மட்டும் புகையே காரணம் என்பதை நிறுவாது. விறகு எரிக்கும் வீடுகள் பெரும்பாலும் ஏழை வீடுகள். ஊட்டக்குறைவு, நெருக்கடியான இடம், மருத்துவ வசதிக் குறைவு ஆகியவையும் அங்கு உண்டு. இவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால், ஒரே நிலையிலுள்ள குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் அடுப்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஹாபின் என்னும் பன்னாட்டு ஆய்வு இதையே செய்தது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 நாடுகளில், நாட்டுக்கு 800 பேர் வீதம் 3,200 கர்ப்பிணிகள் இதில் பங்கேற்றனர். இந்தியாவில் ஆய்வு நடந்த இடங்கள் இரண்டும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை: ஒன்று நாகப்பட்டினம் பகுதி, மற்றொன்று அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் கள்ளக்குறிச்சிப் பகுதி. 2018 மே மாதம் சேர்க்கை தொடங்கியபோது விழுப்புரத்தில் இருந்த கள்ளக்குறிச்சி, 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று.

ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்குத் தேவையான எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. மற்றப் பிரிவினர் தங்கள் வழக்கமான அடுப்பிலேயே சமைத்தனர். எரிவாயு பெற்றவர்கள் ஏறக்குறைய முழுமையாக அதற்கே மாறினர். நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்க்கையில், கர்ப்ப காலத்தில் அவர்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு 23.9 மைக்ரோகிராம், விறகடுப்புப் பிரிவில் அது 70.7 மைக்ரோகிராம். மூன்றில் இரண்டு பங்கு புகை குறைந்துவிட்டது.

ஆனால் 2022இல் வெளியான முடிவு பலருக்கும் ஏமாற்றம் அளித்தது. குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை எரிவாயுப் பிரிவில் 2,921 கிராம், விறகடுப்புப் பிரிவில் 2,898 கிராம். புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. 2024இல் வெளியான முடிவுகளில், ஓராண்டுக்குள் கடும் நுரையீரல் அழற்சியிலும் குழந்தையின் உயர வளர்ச்சியிலும்கூட எதிர்பார்த்த வேறுபாடு தென்படவில்லை.

இதைக் கொண்டு புகையால் தீங்கில்லை என்று முடிவு செய்வது சரியாகாது. பெண்கள் ஆய்வில் சேர்ந்தது கர்ப்பத்தின் 9 முதல் 20 வாரங்களுக்குள். அதற்கு முந்தைய வாரங்களிலும் அதற்கு முன் பல ஆண்டுகளாகவும் அவர்கள் புகையிலேயே இருந்தவர்கள். பிறப்பு எடையைத் தாயின் ஊட்டம், வயது, உடல்நிலை எனப் பலவும் தீர்மானிக்கின்றன. நுரையீரல் அடைப்பு, இதய நோய், கண்புரை போன்றவை பல ஆண்டுகளில் உருவாவன. 18 மாத ஆய்வு அவற்றை அளக்க இயலாது. மேலும் இதே தரவுகளைத் தனித்தனி ஆளாக ஆராய்ந்தபோது, அதிகப் புகையைச் சுவாசித்தவர்களின் குழந்தைகள் எடை சற்றுக் குறைவாக இருந்தது தெரியவந்தது. அடுப்பை மட்டும் மாற்றினால் குழந்தையின் எடை கூடிவிடும் என்ற எளிய நம்பிக்கையைத்தான் இந்த ஆய்வு கேள்விக்கு உள்ளாக்கியது. சத்துணவும் மருத்துவக் கவனிப்பும் கூடவே தேவை. அதே சமயம் எரிவாயு தடையின்றிக் கிடைத்தால் கிராமத்துக் குடும்பங்கள் விறகை விட்டுவிடும் என்பதையும் அது உறுதியாகக் காட்டியது.

புகையில்லா அடுப்பு முயற்சிகள்

அடுப்பைத் திருத்தும் முயற்சி பழையது. வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தில் 1947இல் மகன் சூலா என்னும் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு உருவாக்கப்பட்டது. ஐதராபாத் பொறியாளர் எஸ். பி. ராஜு வடிவமைத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய அவரது நூல் 1953இல் சென்னையில் வெளியாயிற்று. 1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் மூன்று கண்களுள்ள அஸ்த்ரா ஒலெ என்னும் அடுப்பை உருவாக்கியது. மத்திய அரசின் தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் 1983 முதல் 2002 வரை நடந்தது, சுமார் 3.5 கோடி அடுப்புகள் நிறுவப்பட்டன.

இத்தனை அடுப்புகளில் நிலைத்து நின்றவை குறைவு. புகைபோக்கி வேலை செய்யும் முறை எளிது. சூடான காற்று எடை குறைந்து மேலெழும். அது குழாய் வழியே ஏறும்போது அடுப்பு வாயில் புதிய காற்று இழுக்கப்படும். குழாய்க்குள் கரி படிந்து துளை சுருங்கினால் இழுவை குறைந்து புகை அறைக்குள்ளேயே திரும்பும். மாதத்துக்கொரு முறையேனும் துடைக்க வேண்டிய இக்குழாயைப் பல வீடுகளில் யாரும் துடைக்கவில்லை. ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், முதலாண்டில் குறைந்த புகை பின்னர் பழைய அளவுக்கே திரும்பியது. அடுப்புகள் உடைந்தன, பராமரிப்பு இல்லை. கீற்றுக் கூரை வீடுகளில் தீப்பொறிக்கு அஞ்சிப் புகைபோக்கி வேண்டாம் என்றோரும் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே.

எரிவாயுவுக்கு மாற்றம்

தமிழ்நாடு அரசு 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் சமையலுக்குத் தூய எரிபொருள் பயன்படுத்தும் குடும்பங்கள் 2015–16இல் 73 விழுக்காடு, 2019–21இல் 82.9 விழுக்காடு. இதே காலத்தில் இந்தியச் சராசரி 43.8 விழுக்காட்டிலிருந்து 58.6 விழுக்காடாக உயர்ந்தது.

இக்கணக்கு வீட்டின் முதன்மை எரிபொருளை மட்டுமே சொல்கிறது. எரிவாயு இருக்கும் பல வீடுகளில் விறகடுப்பும் இருக்கிறது. தேநீரும் குழம்பும் எரிவாயுவில். குளிக்க வெந்நீர், நெல் அவித்தல், மாட்டுக்குக் கஞ்சி, விருந்துச் சமையல் ஆகியவை விறகில். மாதக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்துவிட்டால் விறகே முழு அடுப்பும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் பணம். ஒரு எளிய கணக்கு இதை விளக்கும். 1 கிலோ எரிவாயுவில் சுமார் 45 மெகாஜூல் வெப்பம் உண்டு. அடுப்பில் அதன் 60 விழுக்காடு பாத்திரத்தைச் சேர்ந்தால் 27 மெகாஜூல். 14.2 கிலோ சிலிண்டரில் மொத்தம் சுமார் 383 மெகாஜூல். 1 கிலோ காய்ந்த விறகில் சுமார் 16 மெகாஜூல் இருந்தாலும், சாதாரண மண் அடுப்பில் 15 விழுக்காடே பாத்திரத்தைச் சேர்கிறது, அதாவது 2.4 மெகாஜூல். ஆக ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 160 கிலோ விறகு வேண்டும். விலைக்கு வாங்கினால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. ஆனால் கிராமத்தில் விறகு விலைக்கு வாங்கப்படுவதில்லை, பொறுக்கப்படுகிறது. 160 கிலோவைச் சுமந்த பெண்ணின் உழைப்புக்கும் நேரத்துக்கும் வீட்டுக் கணக்கில் விலை போடுவதில்லை. சிலிண்டருக்கோ ஒரே நாளில் ரொக்கம் எடுத்து வைக்க வேண்டும். உஜ்வலா பயனாளிகளுக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வழங்கப்பட்டது இந்தச் சுமையைக் குறைப்பதற்கே.

மாடுகள் உள்ள வீட்டில் சாண எரிவாயுக் கலனும், மின்சாரம் சீராக உள்ள இடத்தில் மின்தூண்டல் அடுப்பும் மாற்று வழிகள்.

புகையைக் குறைக்கும் வழிகள்

விறகை உடனடியாகக் கைவிட இயலாத வீடுகளிலும் சில மாற்றங்களால் புகையைக் குறைக்கலாம்.

1. விறகைப் பிளந்து, மழைபடாத இடத்தில் அடுக்கி, பல மாதங்கள் காயவிட்டு எரிக்க வேண்டும். இரண்டு காய்ந்த கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரக்கட்டை மந்தமாக ஒலிக்கும்.

2. சிறு துண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தள்ள வேண்டும். அடுப்பு வாயை அடைக்கக் கூடாது. சாம்பலை அன்றாடம் அள்ளினால் அடியிலிருந்து காற்று புகும்.

3. தீ மூட்டப் பிளாஸ்டிக் பை, டயர்த் துண்டு ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. அவற்றின் புகை விறகுப் புகையைவிடக் கொடியது. காய்ந்த பன்னாடையும் தேங்காய் நாரும் போதும்.

4. சூடான புகை மேலே தங்குவதால், சன்னலோடு கூரையை ஒட்டியும் திறப்பு வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால் காற்று ஊடுருவும்.

5. புகைபோக்கி இருந்தால் அது கூரை முகட்டுக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். கரியைத் தவறாமல் துடைக்க வேண்டும்.

6. பானையை மூடிச் சமைப்பதும், பருப்பையும் அரிசியையும் முன்கூட்டி ஊற வைப்பதும் அடுப்பு எரியும் நேரத்தைக் குறைக்கும்.

7. வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே, காற்று வீசும் திசைக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

8. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பதைத் தவிர்க்க வேண்டும். சமைக்கும் நேரத்தில் குழந்தையை வீட்டிலுள்ள ஆண்கள் பார்த்துக்கொள்ளலாம். அடுப்பு வேலையையும் பகிர்ந்துகொள்ளலாம்.

9. எரிவாயு அடுப்பிலும் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், படியேறினால் மூச்சிரைப்பு, பார்வை மங்கல் ஆகியவை அடுப்பில் நெடுங்காலம் நின்றவர்களுக்கு இருந்தால், வயதின் குறை என விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். மருத்துவர் புகை பிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்கும்போது, எத்தனை ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வது நோயறிய உதவும்.